பட்டாளத்துக்குப் போன பையன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். முதல் உலகப் போர் பாடத்தில், 13 வயதில் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் நின்ற ஒரு லண்டன் பையனைப் பற்றிச் சொன்னால் வகுப்பு சட்டென்று அடங்கிவிடும். அப்புறம் கேள்விகள் வர ஆரம்பிக்கும். எப்படிச் சேர்த்தார்கள்? அம்மா விட்டார்களா? திரும்பி வந்தானா? ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட அதே கேள்விகள். பிரிட்டிஷ் படைகள் பையன்களைச் சேர்த்த வரலாற்றை முன்வைத்து, அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். இந்த வழக்கத்துக்கு மிக நீளமான, நன்றாகப் பதிவான வரலாறு இருப்பது அங்கேதான்.

‘பாய் சர்வீஸ்’ என்றால் என்ன?

பிரிட்டனின் கப்பற்படையிலும் தரைப்படையிலும் ‘பாய்’ என்பதே ஒரு பதவிப் பெயராக இருந்தது. ‘செகண்ட் கிளாஸ் பாய்’, ‘ஃபர்ஸ்ட் கிளாஸ் பாய்’ என்று படிகள்கூட உண்டு. 14, 15, 16 வயதுப் பையன் முறைப்படி கையெழுத்துப் போட்டுச் சேருவான். சீருடை, சாப்பாடு, கொஞ்சம் சம்பளம், பயிற்சி எல்லாம் கிடைக்கும். 18 வயதானதும் முழு மாலுமியாகவோ சிப்பாயாகவோ ஆவான்.

இதில் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். அவன் ஒப்புக்கொண்ட சேவைக்காலம் 18 வயதிலிருந்துதான் கணக்கில் ஏறும். பத்து வருடம் என்று 15 வயதில் கையெழுத்துப் போட்டவனுக்கு உண்மையில் அது பதின்மூன்று வருடம். நடுவில் போன மூன்று வருடம் எந்தக் கணக்கிலும் வராது. இந்த ஏற்பாடு 1853இல் வந்தது. இதன் நிழல் இன்றுவரை விலகவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

1853க்கு முன்னால் கப்பல்களில் பையன்களே இல்லையா?

நிறையவே இருந்தார்கள். அதிகாரிகளின் வேலைக்காரர்கள் என்ற பெயரில் 12, 13 வயதுப் பையன்கள் கப்பலேறுவார்கள். நல்ல குடும்பத்துப் பையனுக்கு அதுவே அதிகாரியாவதற்கான வழி. பின்னாளில் பேர்போன கடற்படைத் தளபதியான நெல்சன் 1771இல் தன் தாய்மாமன் தலைமை வகித்த கப்பலில் சேர்ந்தபோது அவருக்கு வயது 12.

ஏழைப் பையனுக்கு வேறு வாசல். 1756இல் ஏழாண்டுப் போர் தொடங்கியதும் ஜோனஸ் ஹான்வே என்ற லண்டன் வணிகர் ‘மரைன் சொசைட்டி’யைத் தொடங்கினார். லண்டன் தெருக்களில் கந்தலோடு திரிந்த பையன்களைக் குளிப்பாட்டி, உடுப்புக் கொடுத்துக் கப்பலுக்கு அனுப்புவது அதன் வேலை. 1763இல் போர் முடிவதற்குள் பெரியவர்களும் பையன்களுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அனுப்பிவிட்டது. ஹான்வே உண்மையாகவே அந்தப் பிள்ளைகள்மேல் இரக்கப்பட்டவர் என்றுதான் நினைக்கிறேன். கப்பற்படைக்கு ஆள் வேண்டியிருந்தது, பசித்த பையனுக்குச் சோறு வேண்டியிருந்தது. இந்த இரண்டு தேவையும் ஒரே இடத்தில் சந்திப்பதை இந்த வரலாறு முழுக்கப் பார்க்கலாம்.

சண்டை நடக்கும்போது சின்னப் பையன்கள் என்ன செய்வார்கள்?

வெடிமருந்து சுமப்பார்கள். மரக் கப்பலில் தீதான் பெரிய பயம். அதனால் மருந்தறை கப்பலின் அடிவயிற்றில், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். பொறி பட்டுவிடக் கூடாது என்று அதன் வாசலில் ஈரத் துணி தொங்கும். துணிப்பையில் கட்டிய மருந்தை மூடி போட்ட பெட்டியில் வைத்துக்கொண்டு, பையன் குறுகிய ஏணிகளில் ஏறி, புகையும் ரத்தமுமாக இருக்கும் தளத்தில் ஓடித் தன் பீரங்கிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கொடுத்துவிட்டு மறுபடியும் கீழே ஓட வேண்டும். சிறிய உடம்பு, வேகமான கால் என்பதால்தான் இந்த வேலை அவனுக்கு வந்தது. 1805 டிரஃபால்கர் போரில் நெல்சனின் ‘விக்டரி’ கப்பலில் இருந்தவர்களில் மிக இளையவனுக்கு 12 வயது.

தரைப்படையில்?

டிரம், புல்லாங்குழல், பியூகிள். இசைக்காக மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒலிபெருக்கியும் வயர்லெஸும் இல்லாத காலத்தில் ‘முன்னேறு’, ‘பின்வாங்கு’, ‘சுடுவதை நிறுத்து’ என்ற உத்தரவெல்லாம் டிரம் வழியாகவும் பியூகிள் வழியாகவும்தான் போகும். அதனால் டிரம்மர் பையன் அதிகாரியின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். குண்டு அதிகம் வந்து விழும் இடமும் அதுதான்.

1857 நவம்பரில் கான்பூரில் எதிராளியின் பீரங்கிகள்மேல் பாய்ந்து, காயத்தோடு இரண்டு பீரங்கிக்காரர்களுடன் கைகலந்ததற்காக, டிரம்மர் தாமஸ் ஃபிளின்னுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 15 வயது 3 மாதம். அந்த விருதைப் பெற்ற மிக இளையவர்களில் ஒருவர். 1892இல் அயர்லாந்தில் அத்லோன் ஊரின் ஏழையர் விடுதியில் இறந்தார். விருதைச் சொல்கிற பல புத்தகங்கள் இந்தக் கடைசி வரியைச் சொல்வதில்லை. வகுப்பில் நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

சிப்பாய்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் இருந்தனவாமே? அதில் சென்னைக்கு என்ன பங்கு?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

போரில் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காக டப்ளினில் 1769இலும் லண்டன் செல்சியில் 1803இலும் படைப் பள்ளிகள் திறக்கப்பட்டன. செல்சிப் பள்ளியின் பெயர் ‘ராயல் மிலிட்டரி அசைலம்’. எழுத்து, கணக்கு, தையல், செருப்புத் தைத்தல், அணிவகுப்பு எல்லாம் அங்கே உண்டு. அங்கிருந்து வெளியே வந்த பையன்களில் நிறையப் பேர் நேராகப் பட்டாளத்துக்கே போனார்கள்.

அந்தச் செல்சிப் பள்ளி பின்பற்றிய கற்பித்தல் முறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர். 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் இருந்த படை அனாதைப் பையன்கள் இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். அங்கே இருந்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மகன்கள். பலருடைய தாய்மார் இந்தியப் பெண்கள். ஒரு நாள் குதிரையில் போகும்போது, ஒரு ‘மலபார்’ பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தமிழையும் தமிழரையும்கூட அன்றைய ஐரோப்பியர்கள் ‘மலபார்’ என்றுதான் சொன்னார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் அதெல்லாம் சாதாரணம். பெல் தன் ஆசிரியர்களிடம் அதேபோல் செய்யச் சொன்னார், அவர்கள் அக்கறை காட்டவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னவர்களுக்கு அகரவரிசை சொல்லிக்கொடுக்க வைத்தார். அவனும் ஒரு சிப்பாயின் மகன்தான். சட்டாம்பிள்ளை முறை என்று நாம் சொல்வது, 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட அறிக்கை வழியாக இங்கிலாந்துக்குப் போய்ப் பரவியது. செல்சியில் டிரம் அடிக்கக் கற்ற பிள்ளைகள் எழுத்தைக் கற்றது எழும்பூர் வழியில்.

எச்.எம்.எஸ். கேஞ்சஸ் பற்றிப் பல இடங்களில் வருகிறதே, அது என்ன?

1853இல் நீண்டகாலச் சேவை முறை வந்ததும், சிறுவயதிலேயே பிடித்து வளர்த்தால்தான் நல்ல மாலுமி கிடைப்பான் என்று கப்பற்படை முடிவு செய்தது. ஓய்வுபெற்ற பழைய போர்க்கப்பல்களைத் துறைமுகங்களில் நிறுத்திப் பயிற்சிக் கப்பலாக்கினார்கள். அவற்றில் பேர் போனது ‘கேஞ்சஸ்’. நம் கங்கையின் பெயர்தான். கப்பலும் இங்கே பிறந்ததே. பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தில் தேக்கு மரத்தில் செய்து 1821இல் கடலில் இறக்கினார்கள். 1866இல் ஃபால்மவுத் பக்கம் பயிற்சிக் கப்பலாக நின்றது, 1899இல் ஹாரிச் துறைமுகத்துக்குப் போனது. 1905இல் எதிர்க்கரையான ஷாட்லியில் கரைமேலேயே பெரிய பயிற்சி முகாம் எழும்பியது. அதற்கும் கேஞ்சஸ் என்ற பெயரே நிலைத்தது. 1976இல் மூடும்வரை அந்தப் பெயரின் கீழ் பயிற்சி பெற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம்.

முதல் சில வாரங்கள் தனி வளாகம். முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். ஒவ்வொரு துணியிலும் தன் பெயரைச் சிவப்பு நூலால் தானே தைக்க வேண்டும். நீளமான பெயர் உள்ள பையன்களை நினைத்துப் பாருங்கள். துணி துவைப்பதற்கு அங்கே ‘டோபி’ என்றுதான் பெயர். இந்தியாவிலிருந்து போன சொல்தான், பிரிட்டிஷ் மாலுமிகள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீச்சல், முடிச்சு, துடுப்பு, சிக்னல், பீரங்கிப் பயிற்சி, பள்ளிப் பாடம் எல்லாம் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை.

நடு மைதானத்தில் சுமார் 140 அடி உயரக் கொடிமரம். எல்லாப் பையன்களும் ஏறியாக வேண்டும். விழாநாளில் கயிற்றேணிகளிலும் குறுக்குச் சட்டங்களிலும் வரிசையாக நிற்பார்கள். உச்சியில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலமே உள்ள வட்டப் பலகையில், இடிதாங்கிக் கம்பியை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஒருவன் நிமிர்ந்து நிற்பான். அவனுக்கு ‘பட்டன் பாய்’ என்று பெயர். இறங்கி வந்ததும் தளபதி ஒரு நாணயம் கொடுப்பார். அப்படி நின்றதை எண்பது வயதிலும் பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. பயத்தில் இரவெல்லாம் தூங்காதவர்களும் உண்டு.

அடியும் இருந்தது. பிரம்படி சட்டப்படியான தண்டனை. அது கப்பற்படையில் 1967வரை ஒழியவில்லை. வளர்ந்த மாலுமிக்கு இல்லாத அடி, பையன் என்பதாலேயே அவனுக்கு விழுந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

ஜாக் கார்ன்வெல் யார்?

பிறந்தது 1900 ஜனவரி 8, லண்டன் அருகே லெய்ட்டன். குடும்பம் பிறகு ஈஸ்ட் ஹாம் பக்கம் குடிபோனது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் புரூக் பாண்ட் தேயிலை வண்டியில் சரக்கு இறக்கும் பையன். அப்பாவும் பட்டாளத்துக்குப் போய்விட்டார். 1915 அக்டோபரில், தலைமையாசிரியரும் முதலாளியும் கொடுத்த பரிந்துரைக் கடிதங்களோடு கப்பற்படையில் சேர்ந்தான். சில மாதப் பயிற்சிக்குப் பிறகு ‘செஸ்டர்’ என்ற புதுக் கப்பலில் வேலை. பீரங்கியின் குறியைத் திருத்துவது அவன் பொறுப்பு. காதில் மாட்டிய கருவியில் வரும் எண்களுக்கு ஏற்பக் குறியை மாற்ற வேண்டும்.

1916 மே 31, ஜட்லாண்ட் கடற்போர். ஜெர்மன் கப்பல்கள் நான்கு ‘செஸ்டர்’மேல் ஒரே நேரத்தில் சுட்டன. பீரங்கியின் முன் இருந்த இரும்புக் கவசம் தளம்வரை இறங்கவில்லை. கீழ் இடைவெளியில் சிதறல்கள் பாய்ந்து நிறையப் பேரின் கால்களைக் கொண்டுபோயின. கார்ன்வெல்லின் குழுவில் ஏறக்குறைய எல்லோரும் விழுந்துவிட்டார்கள். நெஞ்சில் இரும்புத் துண்டுகளோடு அவன் மட்டும் உத்தரவுக்காக அங்கேயே நின்றான். ஜூன் 2 அன்று கிரிம்ஸ்பி மருத்துவமனையில், அம்மா வந்து சேர்வதற்குள் இறந்துபோனான். 16 வயது.

முதலில் சாதாரணப் பொதுக் கல்லறையில்தான் புதைத்தார்கள். தளபதி பீட்டியின் அறிக்கை பத்திரிகைகளில் வந்து பேரான பிறகு, ஜூலை 29 அன்று தோண்டி எடுத்து, பெரிய ஊர்வலத்தோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அவன் பெயரில் பள்ளிப் பிள்ளைகளிடம் நாடு முழுக்கக் காசு திரட்டினார்கள். அப்பா அதே அக்டோபரில் இறந்தார், ஓர் அண்ணன் 1918இல் போரில் செத்தார். நவம்பரில் அரண்மனைக்குப் போய் மகனின் பதக்கத்தை வாங்கிய தாய் ஆலிஸ், 1919இல் வறுமையில் இறந்தார்.

முதல் உலகப் போரில் வயதை மறைத்துச் சேர்ந்தவர்கள் எவ்வளவு பேர்?

கார்ன்வெல் சட்டப்படி சேர்ந்தவன். இது வேறு கதை. தரைப்படையில் சேர 18 வயது, வெளிநாட்டுப் போர்முனைக்குப் போக 19 வயது என்று விதி இருந்தது. அந்த வயதுக்குக் கீழே சுமார் இரண்டரை லட்சம் பேர் சேர்ந்திருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

பிறப்புச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. உயரமும் மார்பளவும் சரியாக இருந்தால் போதும். சேர்க்கும் சார்ஜென்ட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் வேறு. ‘16 வயதா? வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு 19 வயதோடு திரும்பி வா’ என்று சொன்ன சார்ஜென்ட்டுகளைப் பற்றி வயதான காலத்தில் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

நான் முதலில் சொன்ன பையன் சிட்னி லூயிஸ். டூட்டிங் பகுதிக்காரன். 1915 ஆகஸ்டில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட்டில் சேரும்போது வயது 12. 1916இல் சோம் போரில் இருந்தபோது 13. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்ததும் தாய் அவனுடைய பிறப்புச் சான்றிதழைப் போர் அலுவலகத்துக்கு அனுப்பினார். பையன் வீட்டுக்கு வந்தான், பெரியவனாகிப் பல காலம் வாழ்ந்தான். எல்லாத் தாய்க்கும் அது வாய்க்கவில்லை. டோர்க்கிங் ஊர்ப் பையன் வாலன்டைன் ஸ்ட்ரட்விக், 1916 ஜனவரி 14 அன்று பெல்ஜியத்தில் இறந்தான். 16 நிரம்ப ஒரு மாதம் பாக்கி.

ஏன் அப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்?

தேசப்பற்று உண்டு, கூட்டாளிகள் போகிறார்களே என்பது உண்டு. ஆனால் அந்த வயதுப் பையன் பள்ளியில் இருந்தான் என்று நினைத்தால் தவறு. அப்போது 12, 13 வயதிலேயே பள்ளியை விட்டுவிடலாம். 15 வயதுப் பையன் சுரங்கத்திலோ நூற்பாலையிலோ ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் உழைத்திருப்பான். பட்டாளத்தில் தினம் ஒரு ஷில்லிங், இறைச்சியோடு சாப்பாடு, புது பூட்ஸ், ஊர் தாண்டிப் போகும் வாய்ப்பு. எங்கள் வகுப்பில் ஒரு மாணவி சொன்னாள்: “சார், அவனுக்கு லீவு மாதிரி இருந்திருக்கும்.” அவள் சொன்னது சரி.

பெற்றோர் திரும்பக் கேட்டால் விடமாட்டார்களா?

ஆரம்பத்தில் அரசு பிடிவாதமாக இருந்தது. சேரும்போது பையன் என்ன வயது சொன்னானோ, அதுவே அவனுடைய ‘அதிகாரபூர்வ வயது’ என்றது. சர் ஆர்தர் மார்க்கம் என்ற லிபரல் உறுப்பினர் 1915 முழுக்க நாடாளுமன்றத்தில் இதை விடாமல் எழுப்பினார். தகப்பன்மாரும் தாய்மாரும் அவருக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். 1916இல் கட்டாய ராணுவச் சேவை வந்து பெரியவர்கள் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் விதி இளகியது. 17க்குக் கீழே இருந்தவர்களைப் பெற்றோர் கேட்டால் வீட்டுக்கும், 17, 18 வயதுக்காரர்களைப் பின்னணிப் பயிற்சிப் படைக்கும் அனுப்பத் தொடங்கினார்கள். மார்க்கம் அந்த ஆகஸ்டிலேயே இறந்துபோனார். 1918 வசந்தத்தில் ஜெர்மானியர்கள் பெரிய தாக்குதல் நடத்தியதும், போர்முனைக்குப் போகும் வயதைப் பதினெட்டரையாகக் குறைத்துவிட்டார்கள்.

சிறுவயதுச் சிப்பாய்களுக்கு மரண தண்டனை கொடுத்ததுண்டா?

உண்டு. ஹெர்பர்ட் பர்டன், நார்தம்பர்லாண்ட் ஃபியூசிலியர்ஸ். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவன். படையை விட்டு ஓடியதாகக் குற்றம் சாட்டி 1915 ஜூலை 21 அன்று சொந்தப் படையினரே சுட்டுக் கொன்றார்கள். உண்மை வயது 17. போர்முனையில் நிற்கவே சட்டப்படி அவனுக்கு இடமில்லை. ஸ்டாஃபர்ட்ஷயர் நினைவுப் பூங்காவில் கண்ணைக் கட்டிக் கம்பத்தில் நிற்கும் சிலைக்கு அவன்தான் மாதிரி. 2006இல் சட்டம் இயற்றி, இப்படித் தண்டிக்கப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்கள்.

இரண்டாம் உலகப் போரில்?

தரைப்படையில் வயதைச் சரியாகப் பார்த்தார்கள். கப்பலில் பையன்கள் தொடர்ந்தார்கள். 1939 அக்டோபர் 14 அன்று ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்தில் ‘ராயல் ஓக்’ கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தபோது இறந்த எண்ணூற்றுச் சொச்சம் பேரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் 18 நிரம்பாதவர்கள்.

எல்லாமே துயரக் கதைதானா? யாருக்கும் நல்லது நடக்கவில்லையா?

நடந்தது, நிறையப் பேருக்கு. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். விமானப்படைத் தளபதி டிரென்சார்ட் 1920இல் தொடங்கிய பயிற்சித் திட்டம், 1922 முதல் ஹால்டன் என்ற இடத்தில் நடந்தது. 15, 16 வயதுப் பையன்களுக்கு மூன்று வருடம் என்ஜின், உலோகவேலை, கணிதம். கூலித் தொழிலாளி வீட்டுப் பையன் அந்தத் தரத்தில் தொழில்நுட்பம் படிக்க வேறு வழி அன்று குறைவு. ‘டிரென்சார்டின் வாண்டுகள்’ என்று அவர்களைச் சொல்வார்கள். விடுதலைக்குப் பிறகு இலங்கை விமானப்படையும் தன் பையன்கள் சிலரை ஹால்டனுக்கு அனுப்பியது. ஹால்டன் பயிற்சித் திட்டம் 1993வரை நடந்தது.

அங்கே சேர வந்து, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டு, உடற்பயிற்சி செய்து வளர்ந்து, மறுபடி முயன்று 1923இல் சேர்ந்த ஒரு பையன் ஃபிராங்க் விட்டில். பின்னாளில் ஜெட் என்ஜினை உருவாக்கியவர். ஒரு மெக்கானிக்கின் மகன்.

பிடிக்கவில்லை என்றால் விலக முடியுமா?

என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான கேள்வி. பதில்: நெடுங்காலம் முடியாது. ஆரம்ப நாட்கள் தாண்டிவிட்டால் கதவு மூடிவிடும்.

1960களில்கூட 15 வயதில் கையெழுத்திட்டவன், 18க்குப் பிறகு ஒன்பது வருடம், அதாவது 27 வயதுவரை இருந்தாக வேண்டும். 15, 16 வயதில் சேர்ந்த நான்கு இளைஞர்கள் விலகல் கேட்டு மறுக்கப்பட்டு, ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்திடம் போனார்கள். குழந்தையாக இருக்கும்போது வாங்கிய கையெழுத்தை வைத்து எங்களை அடிமைபோல் வைத்திருக்கிறார்கள் என்பது வாதம். பெற்றோர் சம்மதித்திருக்கிறார்கள், இது அடிமைத்தனம் ஆகாது என்று 1968இல் ஆணையம் தள்ளிவிட்டது. ஆனால் வழக்கு எழுப்பிய சத்தம் வீணாகவில்லை. டொனால்ட்சன் பிரபு தலைமையிலான குழு 1970இல் கொடுத்த அறிக்கை, 18 வயதில் பையனே மறுபடி யோசித்து முடிவெடுக்க வாய்ப்பு வேண்டும் என்றது. அதன்பின் விதிகள் தளர்ந்தன. 1972இல் பள்ளிக் கட்டாய வயது 16 ஆனதும் 15 வயதுச் சேர்க்கை தானாக நின்றது.

என் வகுப்பில் இருப்பவர்களுக்கு 16 வயது. எந்தக் குரூப் எடுப்பது என்று ஜூனில் ஒன்று சொல்லி ஜூலையில் மாற்றிக்கொள்வார்கள். அது அந்த வயதின் இயல்பு, அதற்கு இடம் கொடுக்கத்தான் பள்ளி இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கான கையெழுத்தை அந்த வயதில் வாங்கியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. நல்ல சோறு போட்டார்கள், தொழில் கற்றுக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும்.

இப்போது பிரிட்டனில் என்ன நிலை?

இன்றும் 16 வயதில் சேரலாம், பெற்றோர் சம்மதம் வேண்டும். 16 வயதில் படைக்கு எடுக்கும் நாடு ஐரோப்பாவில் பிரிட்டன் மட்டும்தான். ஹாரோகேட் ஊரில் இவர்களுக்கான ராணுவக் கல்லூரி இருக்கிறது. 18 ஆகும்வரை விலகும் உரிமை 2011 முதல் சட்டத்திலேயே உண்டு. ஆனால் விலகாமல் 18ஐத் தாண்டிவிட்டால், தரைப்படையில் குறைந்தபட்சச் சேவையான நான்கு வருடம் 18ஆம் பிறந்தநாளிலிருந்துதான் தொடங்கும். பெரியவன் சேர்ந்தால் நான்கு, 16 வயதுப் பையன் சேர்ந்தால் ஆறு. அதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2015இல் தோற்றது.

18க்குக் கீழே உள்ளவர்களைச் சண்டைக்கு அனுப்புவதில்லை என்பது கொள்கை. 2003 முதல் 2005 வரை அப்படி 15 பேர் தவறுதலாக ஈராக்குக்குப் போய்விட்டதாக அரசே பிறகு ஒப்புக்கொண்டது.

உலகச் சட்டம் என்ன சொல்கிறது?

15க்குக் கீழே படையில் சேர்ப்பது போர்க்குற்றம். 2000இல் ஐ.நா. ஏற்று 2002இல் நடைமுறைக்கு வந்த, குழந்தை உரிமை உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறைப்படி, 18க்குக் கீழே யாரையும் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது, நேரடிச் சண்டையில் ஈடுபடுத்தாமலிருக்க முடிந்ததையெல்லாம் செய்ய வேண்டும். அரசுப் படைகள் விருப்பத்தின்பேரில் 16 வயதுக்காரர்களை எடுக்க வழி விட்டிருக்கிறது. அரசு சாராத ஆயுதக் குழுக்களுக்கு அந்த வழியும் இல்லை.

இந்தியாவில் அமராவதிநகர் சைனிக் பள்ளி போன்றவை இதில் சேருமா?

சேராது. அங்கே படிப்பவர் மாணவர், சிப்பாய் இல்லை. படித்து முடித்துப் பட்டாளத்துக்குப் போகாமலும் இருக்கலாம். அக்னிபத் திட்டத்தில் சேரக் குறைந்தபட்ச வயது பதினேழரை.

ஈழப் போரில் சிறுவர்கள் இருந்தார்களே?

இருந்தார்கள். விருப்பத்தோடு போனவர்களும் உண்டு, வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. 17க்குக் கீழே சேர்ப்பதில்லை என்று 1998இல் ஐ.நா. பிரதிநிதி ஒலாரா ஒட்டுனுவிடம் விடுதலைப் புலிகள் வாக்குக் கொடுத்தார்கள், அது காப்பாற்றப்படவில்லை. பிறகு புலிகளிடமிருந்து பிரிந்த கருணா அணியும் சிறுவர்களைச் சேர்த்தது. நம் வீட்டுப் பிள்ளைகளின் கதை அது. இந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரியில் அடக்க மனம் வரவில்லை. தனியாக எழுதுகிறேன்.

இந்தப் பையன்கள் தொடர்பான இடங்களை இன்று பார்க்க முடியுமா?

முடியும். ஷாட்லியில் கேஞ்சஸ் கொடிமரம் இன்னும் நிற்கிறது. ஸ்ட்ரட்விக்கின் கல்லறை பெல்ஜியத்தில் ஈப்பர் அருகே எசெக்ஸ் ஃபார்ம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வந்து நிற்கும் கல்லறை அது. கார்ன்வெல் நின்ற பீரங்கி லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கவசத்தின் அடியில் உள்ள இடைவெளியைக் குனிந்து பாருங்கள். அவன் கல்லறை மேனர் பார்க்கில். லண்டன் முருகன் கோயிலும் அதே மேனர் பார்க்கில்தான். ஈஸ்ட் ஹாமில் சொந்தக்காரர்கள் இருந்தால், கோயிலுக்குப் போகும் நாளில் அப்படியே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.